முக்கோணத்தில் வைத்த முகம்

பேராசிரியர் அம்மா முதன்முதலில் என்னிடம் முகம் சுளித்தது ஒரு திருஷ்டி பொம்மைக்காக. பாதி எழும்பிய சுவருக்கு முன்னால், சாரத்து மூங்கிலில், கண்ணை உருட்டி, நாக்கைத் தொங்கப்போட்டு, முறுக்கிய மீசையோடு அது ஆடிக்கொண்டிருந்தது. வீடு கட்டும் எந்த இடத்திலும் தொங்குகிற அதே பொம்மைதான். ஆட்டோவிலிருந்து இறங்கியவர் அண்ணாந்து பார்த்து, "இது என் வீட்டுல வேணாங்க. கழட்டிடுங்க" என்றார். இதை யாரும் கும்பிடுவதில்லை, ஊர்க்கண் வீட்டின்மேல் படாமல் இதன்மேல் படட்டும் என்றுதான் கட்டுகிறோம் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. கழற்றினோம். நான் தனியாக எடுத்த முதல் பெரிய வேலை அது. அதுவரை வேறொரு காண்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராக இருந்து தினமும் திட்டு வாங்கியவன். இந்த வேலை கெட்டால் மறுபடி அந்த ஆள் வாசலில்தான் போய் நிற்க வேண்டும். அதனால் வாயை மூடிக்கொண்டேன். அது எனக்குப் பழக்கமில்லாத காரியம்.

அவர் தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் கிறிஸ்தவக் குடும்பம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். பழைய கிரேக்க நாடு என்றால் அவருக்கு உயிர். வெண்ணாற்றுக்கு அந்தப் பக்கம், அப்பா விட்டுப்போன வயலில் ஒரு மூலையை மண்ணடித்து மேடாக்கி, கிரேக்கக் கோயில் மாதிரி ஒரு சின்ன வீடு கட்ட நினைத்தார். முன்னால் நான்கு தூண், தலைக்கு மேல் ஒரு முக்கோணம். வரைபடத்தைப் பார்த்துவிட்டு, பேங்க் மாதிரி இருக்கிறதே என்றேன். "பேங்க்காரங்கதான் தம்பி அங்கேருந்து எடுத்துக்கிட்டாங்க" என்று சிரித்தார். தூண் நடுவில் லேசாகப் புடைத்து, மேலே போகப்போக ஒல்லியாக வேண்டும் என்றார். நேராக நிறுத்தினால் நடுவில் இடுப்பு ஒடுங்கின மாதிரி கண்ணுக்குத் தெரியுமாம். அதைச் சரிக்கட்ட அந்தக் காலத்திலேயே கல்லை அப்படிச் செதுக்கினார்களாம். கண் ஏமாறுகிறது என்பதற்காகத் தூணை வளைப்பார்களா என்று பலகை அடிக்கும் சென்ட்ரிங் ஆட்கள் என்னைத் திட்டினார்கள். நான் அவர்களைத் திட்டினேன். தூண் நின்றபிறகு தூர இருந்து பார்த்தோம். அந்த அம்மா சொன்னதுதான் சரி. அதை அன்றைக்கு நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஐப்பசி மழை தொடங்கிய வாரம் பெரிய கொத்தனார் விழுந்தார். முக்கோணத்துக்குக் கீழே பூச ஏறியவர். ஈர மூங்கிலில் கால் வழுக்கிவிட்டது. உயிர் தப்பியது, இடது கால் நொறுங்கிப்போயிற்று. மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு மறுநாள் வந்தால், சாரத்தில் ஒருவரும் இல்லை. எல்லோரும் செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். பொம்மையைக் கழற்றிய வீட்டில் ஏறமாட்டோம், வேறு சைட்டுக்குப் போகிறோம் என்றார்கள். மழை அடித்துக்கொண்டிருக்கிறது. மேல்வேலை மூடாமல் நின்றால் உள்சுவர் முழுக்க ஊறிவிடும். ஆட்களும் போனால் என் தொழில் அன்றோடு முடிந்தது.

நேராக அவர் குடியிருந்த வீட்டுக்குப் போய்க் கத்தினேன். அழகாகப் பேச எனக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. "நீங்க நம்பாட்டி நம்பாதீங்க. மேல ஏறுறது நீங்க இல்ல, அவன். அவனுக்குப் பயமா இருக்கு. பயந்துகிட்டு ஏறுனா இன்னொருத்தனும் விழுவான். அதையும் உங்க ஜெபத்துல சேத்துக்குங்க" என்றேன். கடைசி வார்த்தை அதிகம்தான். வெளியே போ என்று அவர் சொல்லியிருக்கலாம். ஆனால் எழுந்து உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். கனமான ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து, "வண்டியில என்னைக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

சைட்டில் மணல் குவியல்மேல் அப்படியே உட்கார்ந்தார். முந்தானையால் தூறலை மறைத்துப் புத்தகத்தைத் திறந்தார். ஒரு கிரேக்கக் கோயிலின் முக்கோணம். அதன் நடுவில், இடுப்பில் பாம்பு கட்டிய ஒரு பெண். முகத்தைச் சுற்றியும் பாம்பு, உருட்டிய கண், அகன்ற வாய், தொங்கும் நாக்கு. ஆட்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள். "நம்ம ஆளு மாதிரியே இருக்கு டீச்சரம்மா, அங்கயும் கண்ணு போடுவாங்களா?" என்று ஒருவர் கேட்டார். "மனுசன் இருக்கிற இடமெல்லாம் போடுவான்" என்றார் அவர். படத்தில் இருந்த அந்த மெடூசாவின் கதையைச் சொன்னார். அவளை நேருக்கு நேர் பார்த்தவன் கல்லாகிவிடுவான். ஒருவன் பளபளத்த கேடயத்தில் அவள் பிம்பத்தைப் பார்த்தபடியே தலையை வெட்டினான். வெட்டிய பிறகும் அந்த முகத்துக்குச் சக்தி போகவில்லை. அதீனா தேவி அதைத் தன் மார்பில் பதித்துக்கொண்டாள். கெட்டது அண்டாமல் இருக்க அந்த முகத்தையே கோயில் நெற்றியிலும் வீட்டு ஓட்டு விளிம்பிலும் வைத்தார்கள். அவள் பிறக்கும்போதே அப்படி இல்லை, தேவியின் கோயிலில் வைத்து ஒரு கடவுள் அவளைக் கெடுத்தான், தேவியோ அவளைத்தான் சபித்தாள் என்று பின்னால் வந்தவர்கள் சேர்த்துச் சொன்னார்களாம். எனக்கு ஆத்திரம் வந்தது. செய்தவனை விட்டுவிட்டு இவளுக்கு ஏன் தண்டனை என்றேன். "அந்தக் கேள்வியை என் கிளாஸ்ல ஒருத்தரும் இவ்வளவு கோவமா கேட்டதில்ல" என்றார்.

பிறகு புத்தகத்தை மூடிவிட்டு எல்லோரையும் பார்த்துச் சொன்னார். "காலம் பூரா பிள்ளைங்களுக்கு இந்த முகத்தைப் பத்தித்தான் பாடம் எடுத்தேன். என் வீட்டு வாசல்ல அதுவே வந்து தொங்குனப்ப, மூடநம்பிக்கைன்னு கழட்டச் சொல்லிட்டேன். தப்பு என்னோடது. கட்டுங்க."

படித்தவர்கள் தனியாகக் கூப்பிட்டு வருத்தம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். சித்தாள் வரைக்கும் நிற்க வைத்துத் தப்பு என்னுடையது என்று சொன்னவர் என் வாழ்க்கையில் அவர் ஒருவர்தான். பொம்மை மறுபடி ஏறியது, புது மூங்கில் கட்டினோம், ஆட்கள் ஏறினார்கள். பொம்மை காப்பாற்றியதா என்று என்னைக் கேட்காதீர்கள். அவர்கள் கை நடுங்காமல் ஏறினார்கள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அதோடு அவர் விடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெரிய கொத்தனாரிடம் அந்தப் படத்தைக் கொடுத்தார். கால் தேறியதும் சிமெண்டில் இதைச் செய்து தரவேண்டும், உட்கார்ந்தே செய்யலாம் என்றார். இனி யார் வேலை கொடுப்பார்கள் என்று அழுதுகொண்டிருந்த மனிதர் அவர். நொண்டிக்கொண்டு வந்து, கொட்டகையில் காலை நீட்டி உட்கார்ந்து செய்தார். பாம்பெல்லாம் படமெடுத்த நாகம். நாக்கும் பல்லும் அச்சு அசல் நம் திருஷ்டி பொம்மைதான். கடைசியில் கை பழக்கத்தில் ஒரு மீசையும் வைத்துவிட்டார். பொம்பளைக்கு மீசையா என்று நான் குதித்தேன். "மீசை இல்லாட்டி யாரு தம்பி பயப்படுவா?" என்றார். பேராசிரியர் அம்மா பார்த்துவிட்டுக் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "ஆதியில கிரேக்கக்காரங்க இவளுக்குத் தாடியே வெச்சிருக்காங்க. இருக்கட்டும்" என்றார்.

அந்த முகத்தை முக்கோணத்தின் நடுவில் பதித்தோம். வீடு முடிந்து ஜெபத்துக்கு வந்த அம்மாவின் அண்ணன், சபையில் தலைகாட்ட முடியாது, இதை இடித்துவிடு என்று சத்தம் போட்டார். அம்மா அசையவில்லை. போதகர் அண்ணாந்து பார்த்து யார் இது என்றார். "கிரீஸ்லேருந்து வந்த வாட்ச்மேன் ஐயா" என்றார் அம்மா. போதகர் சிரித்துவிட்டார், அண்ணன் சாப்பிடாமல் போனார்.

அந்த முகத்தைப் பார்த்துப் பலர் பெரிய கொத்தனாரைத் தேடி வந்தார்கள். இன்றைக்கு பைபாஸ் ஓரத்தில் அவருக்குச் சொந்தமாக ஒரு சிமெண்ட் வேலைக் கொட்டகை இருக்கிறது. நானும் அதற்குப்பின் யார் வாசலிலும் போய் நிற்கவில்லை. பேராசிரியர் அம்மா இப்போது இல்லை. அந்த வீட்டில் அவருடைய அண்ணன் மகள் இருக்கிறாள். போன மாதம் போன் செய்து, முன்பக்கத்து முகத்தைப் பற்றிப் பேசணும் என்றாள். அதைக் கழற்ற வேறு ஆளைப் பார் என்று கத்திவிட்டேன். "கழட்டச் சொல்லலைங்க மாமா. அதுக்குப் பின்னால தண்ணி இறங்குது. அத்தை இருந்தா சும்மா விடுவாங்களா?" என்றாள். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பெரிய கொத்தனாரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். சாரம் கட்டியிருந்தது. இப்போது எங்களிடம் வேலை செய்பவர்கள் பீகார் ஆட்கள். அவர்களில் ஒருவர் மேலே பார்த்து, இது யார் என்று இந்தியில் கேட்டார். பெரிய கொத்தனாருக்கு இந்தி தெரியாது. தன் காலைத் தட்டிக் காட்டினார். மேலே முகத்தைக் காட்டினார். பிறகு மூங்கிலைப் பிடித்து ஆட்டிப் பார்த்து, கட்டு இறுகியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, பூசுகிற கரணையை அந்த பீகார் ஆள் கையில் கொடுத்து ஏறச் சொன்னார்.