தேவகி அக்கா போட்ட நாற்காலி

அலுவலகத்துக்கு வரும் தொலைபேசி அழைப்புகளை எடுத்து உரியவர்களுக்கு மாற்றிவிடுவதுதான் என் பிழைப்பு. நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் என் காதைத் தாண்டித்தான் உள்ளே போகும். போன புதன்கிழமை காலையில் வந்த ஓர் அழைப்பை மட்டும் யாருக்கும் மாற்றிவிட முடியவில்லை. “பாலன் அங்கிளா? நான் தேவகியோட மக பேசறேன். அம்மா போயிட்டாங்க.” கிள்ளான் வீட்டில், தூக்கத்திலேயே. அடுத்த மணி அடித்தது. யாரோ கணக்குப் பிரிவைக் கேட்டார்கள், கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்தேன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள தனியார் கல்லூரி நூலகத்துக்குப் போனவர்களுக்குத் தேவகி அக்காவைத் தெரியாமல் இருக்காது. ஆய்விதழ்ப் பிரிவு முழுக்க அவர் பொறுப்பு. அவரை இனிமையானவர் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். சிடுசிடுப்பானவர். எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. என்னைக் கண்டதும் குரலைக் குழைத்துக்கொள்ளாத ஆட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவரோ முதல் நாளே, “கார்டு இருக்கா? இல்லன்னா எடுத்துக்கிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்” என்றார். எனக்கு அப்போதே அவரைப் பிடித்துப்போனது.

வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல்வழியில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது பற்றி ஆய்வேடு. புதிய இதழ் வந்தால் யாராவது மனமிரங்கிப் படித்து கேசட்டில் பதிந்து தர வேண்டும். அது என் கைக்கு வருவதற்குள் அந்தக் கட்டுரையை மறுத்தே வேறொருவர் எழுதியிருப்பார். கடைசியில் ஆய்வேடு திரும்பி வந்தது. மேற்கோள் எல்லாம் பழையவை, இப்போது வருவதைப் படித்துத் திருத்தினால்தான் பட்டம் என்று சொல்லிவிட்டார்கள். போதும், விட்டுவிடு என்றார்கள் நண்பர்கள். அக்காவிடம் போய்ப் பொருமினேன். “உங்களுக்குப் பழசு போதும்னு சொல்றவங்க, தங்களுக்கு மட்டும் புதுசா பாத்து எடுத்துக்குவாங்க. நீங்க விடாதீங்க” என்றார்.

அந்தச் சமயத்தில்தான் கல்லூரிக்கு இணையவழி ஆய்விதழ்கள் வந்தன. தாள் இதழ் கப்பலேறி வரும்வரை காத்திருக்க வேண்டாம். தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினிக்கே வந்துவிடும். இருந்தது ஒரே கணினி, ஒரே இணைப்பு. விருந்தாளிகளுக்குக் காட்ட அதைத் தன் அறையில் வைத்துக்கொள்ள முதல்வருக்கு ஆசை. முதல்வருக்கு எதற்கு ஆய்விதழ் என்று நேரிலேயே கேட்டு, அக்கா அதை வாசிப்பறைக்குக் கொண்டுவந்தார். திரையில் உள்ள எழுத்தைப் பேச்சாக மாற்றும் பழைய கருவி ஒன்றை எங்கேயோ இரவல் வாங்கி அதோடு பொருத்தினார். சளிபிடித்த வெள்ளைக்காரன் பேசுவதுபோல அது வாசித்தது. அந்த மாத இதழை அந்த மாதமே படித்தேன். என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அழுதுவிட்டேன், மறைக்க என்ன இருக்கிறது?

“கீபோர்டுல தண்ணி படாம அழுங்க” என்றார் அக்கா.

சில கட்டுரைகள் பக்கத்தைப் படம் பிடித்ததுபோல வந்து சேரும். கருவி வாயை மூடிக்கொள்ளும். அப்போது அவரே பக்கத்தில் உட்கார்ந்து, முணுமுணுத்துக்கொண்டே, அடிக்குறிப்பைக் கூட விடாமல் படித்துக்காட்டுவார்.

அந்தக் கருவியில் காதில் மாட்டிக் கேட்க வழியில்லை. சத்தம் தாங்கவில்லை என்று வாசிப்பறையில் மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஒருநாள் முதல்வரே வந்தார், சப்பாத்துக் காலடிச் சத்தத்திலேயே கோபம் தெரிந்தது. “தேவகி, சத்தம் கூடாதுன்னு போர்டு மாட்டினது நீங்கதானே?”

“பேசக் கூடாதுன்னு மாட்டினேன் சார். இவர் பேசல. படிக்கிறார்.”

“அப்படின்னா ஸ்டோர் ரூம்ல வச்சுப் படிக்கட்டும் லா.”

“ஸ்டோர் ரூம் சாமானுக்கு சார். இவர் மெம்பர்.”

திங்கட்கிழமை ஆள் வைத்துக் கணினியைக் கழற்றப்போவதாகச் சொல்லிவிட்டு முதல்வர் போனார். கழற்றினால் என் பட்டமும் போச்சு. அக்காவின் வேலை போனாலும் ஆச்சரியமில்லை. திங்கட்கிழமை நான் போனபோது, மின்சுவிட்சை அடைத்தாற்போல ஒரு நாற்காலியைப் போட்டு அதில் அவர் உட்கார்ந்திருந்தார். தன் வேலை முழுவதையும் மடியிலேயே வைத்துச் செய்துகொண்டிருந்தார். கழற்ற வந்தவரிடம், “நான் எந்திரிச்சாதான் தம்பி பிளக்கைப் புடுங்க முடியும். நான் எந்திரிக்க மாட்டேன், நீங்க டீ குடிச்சிட்டுப் போங்க” என்றார். வாரக்கணக்கில் அந்த நாற்காலியை விட்டு அவர் நகரவில்லை. பிறகு முதல்வருக்கே அலுத்துவிட்டது.

திருத்திய ஆய்வேட்டைக் கொடுத்தேன். வாய்மொழித் தேர்வில் ஒரு பேராசிரியர், “இந்த இதழ் எங்களுக்கே இன்னும் வந்து சேரலையே?” என்றார். “பிரிக்ஃபீல்ட்ஸ்ல வந்துருச்சு சார்” என்றேன். பட்டம் கிடைத்தது. அக்கா வாழ்த்தெல்லாம் சொல்லவில்லை. அடுத்து என்ன படிக்கப்போகிறீர்கள் என்று கேட்டார்.

கிள்ளானில் அவரைக் கடைசியாக வழியனுப்பப் போனேன். நூலகத்தில் வேலை செய்யும் பெண் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு ரகசியமாகச் சொன்னாள்: “அண்ணே, வர்ற திங்கட்கிழமை அந்தக் கணினிய ஸ்டோர் ரூமுக்கு மாத்தப்போறாங்க. இனிமே கேக்கறதுக்கு ஆள் இல்லைன்னு பேசிக்கிறாங்க.” இப்போது அந்த மேசைக்கு என்னைப் போல இன்னும் நான்கைந்து பேர் வருகிறார்கள். அவர்களில் ஒரு பெண் சட்டம் படிக்கிறாள்.

அக்காவை நினைத்து ஒரு நிமிடம் மௌனமாக நிற்க என்னால் முடியாது. அவருக்கும் அது பிடிக்காது. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த நாற்காலியைத்தான். திங்கட்கிழமைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். நூலகம் திறக்கும்போதே போய், சுவிட்சை மறைத்து அதைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். அவரைத் தெரிந்தவர்கள் அங்கே வாருங்கள். நான் சத்தமாகப் படித்துக்கொண்டிருப்பேன்.