வண்டிக்கு அடியில் இரண்டு கை

இது நடந்தது. நம்பாதவர்கள் தாராளமாக நம்பாமல் இருக்கலாம். வச்சலா யாரிடமும் நம்பச் சொல்லிக் கெஞ்சுகிற ஆள் இல்லை.

கேளம்பாக்கத்திலிருந்து சிறுசேரிக்கு ஐடி பிள்ளைகளை ஏற்றிப் போகும் டாக்சி அவளுடையது. மாமல்லபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மீனவர் குப்பத்தில், கண்ணகி என்பவள் தன் கணவர் தேவேந்திரன் இறந்தபின் விற்ற பழைய வண்டி. உப்புக் காற்று தின்ற வண்டி, ஒரு வருடம் தாங்காது என்று ஊரே சொன்னது. ஆறு வருடம் ஆகிவிட்டது. சொன்னவர்களின் வண்டிகள்தான் காயலான் கடைக்குப் போயின. தேவேந்திரன் படகுக்குப் பூசும் மீன் எண்ணெயை வண்டியின் அடித்தகட்டுக்கும் பூசி வந்தவர். வச்சலாவும் மழைக்கு முன்னால் வருடந்தவறாமல் அதையே பூசினாள். நாற்றம் என்று யாராவது மூக்கைப் பிடித்தால், "ரெண்டு நாள்ல போயிடும், ஏறு" என்பாள்.

இந்த வருடம் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு வண்டியைச் செங்கல்பட்டில் காட்ட வேண்டும். அடித்தகட்டில் ஓட்டை விழுந்தால் வண்டி ரோட்டுக்கு வராது. வண்டி வராவிட்டால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது.

மெக்கானிக் பார்த்திபன் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் நுழைந்தான்.

"அக்கா... இத்த பாரு."

டிரைவர் சீட்டுக்குக் கீழே துரு. இரண்டே இடத்தில். விரல்கள் விரிந்த இரண்டு உள்ளங்கை.

தேய்த்து எடுத்து பிரைமர் அடித்தான். மறுநாள் காலை அதே இடத்தில் அதே கைகள் இருந்தன. மறுபடி தேய்த்தான். மறுபடி வந்தன. இந்த முறை இன்னும் ஆழமாக.

"வித்துடு அக்கா. இன்னாவோ கீது இதுல."

"துரு கீது. நீ பயந்தா போ, நான் பாத்துக்கறேன்."

அவன் போய்விட்டான். உச்சி வெயில். வீட்டுக்குப் பின்னால் முந்தின நாள் மழையில் ஊறிய மண். ஜாக் வைத்துத் தூக்கி, முன்சக்கரத்தைக் கழற்றினாள். எண்ணெய்த் துணியோடு மல்லாந்து உள்ளே போனாள்.

"யாரா இருந்தாலும் கேட்டுக்கோ. வண்டி என்னுது. கைய எடு."

தேய்க்க ஆரம்பித்தாள்.

டக்...

வண்டி சாய்ந்தது.

தகடு இறங்கியது. மூக்கைத் தொட்டது. மார்பைத் தொட்டது...

நின்றது.

காதருகே ஒரு சத்தம். ம்ம்ம்... ம்ம்ம்... பாரம் தூக்குகிறவன் முக்குகிற சத்தம்.

முழங்கை தோலுரிய வெளியே ஊர்ந்தாள்.

திரும்பிப் பார்த்தாள். ஜாக் மண்ணில் படுத்துக் கிடந்தது. அந்தப் பக்கம் சக்கரமும் இல்லை. வண்டி அந்தரத்தில் நின்றது.

அவள் காலை இழுத்துக்கொண்ட பிறகுதான்...

தொப்.

பயந்தாள். நன்றாகவே பயந்தாள். ஆனாலும் மறுநாள் சிமென்ட் தரையில் வண்டியை ஏற்றி, நாலு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்து, தானே மறுபடி அடியில் போனாள். அந்தக் கைகளைத் தேய்க்கவில்லை. அவற்றின் மேலேயே எண்ணெய் பூசினாள். எஃப்.சி. கிடைத்தது. பிறகு கண்ணகிக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

"பயமா இருந்தா வண்டிய திருப்பிக் குடுத்துடு."

"தர மாட்டேன். உம் புருசன் எப்டி செத்தாரு? அத்த சொல்லு."

கண்ணகி சொன்னாள்.

"எண்ணெ பூசறதுக்கு மணல்லயே ஜாக் வெச்சி தூக்கினாரு. நாங்கல்லாம் மீன் ஏலத்துக்குப் போய்ட்டோம். ஜாக் மணல்ல எறங்கிடுச்சி. வந்து வண்டிய நவுத்தி பாக்கறோம்... ரெண்டு கையும் மேல தூக்கினே கீது. நாலு பேரு சேந்து அமுக்கியும் மடங்கல. அப்டியேதான் எடுத்துகினு போனோம்."