திருப்பி வரைந்த வீடு

நகராட்சியின் பழங்கட்டடப் பிரிவில் படம் வரைபவருக்கு அங்குலம் என்று பெயர் வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. அளக்காமல் ஓர் எண்ணையும் எழுதமாட்டார் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். "கட்டில் வாங்கப் போனா கடையில இருக்கற கட்டிலையெல்லாம் அளந்து குடுத்துட்டு வெறுங்கையோட வருவாரு" என்பாள் மனைவி.

ஒரு மனிதர் பெருமைப்பட நிறைய வேண்டியதில்லை. அங்குலத்துக்குப் பத்தொன்பது வருடங்களுக்கு முன் வரைந்த இருநூற்றுச் சொச்சம் படங்கள் போதுமானதாக இருந்தன. ஊரின் பழைய வீடுகளைப் பட்டியலில் சேர்த்தபோது, எந்தெந்தக் கதவுகள், ஜன்னல்கள் கட்டிய நாளிலிருந்தே இருப்பவை என்று காட்டுவதற்காக வரைந்தவை அவை. பட்டியலில் உள்ள வீட்டில் எதை மாற்றுவதென்றாலும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அனுமதி. ஆதிக்கதவு என்று படம் சொன்னால் அதில் யாரும் கைவைக்க முடியாது.

அப்படி ஒரு கதவுக்காகத் தையல்கார அம்மா ஒருவர் ஆறு மாதமாக அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். அவர் கணவர் பேருந்து ஓட்டியவர். பக்கவாதம் வந்து சக்கர நாற்காலியில் முடங்கிவிட்டார். முன்வாசலில் ஏழு படி. பக்கவாசல் தோட்டத்துக்குத் தரையோடு தரையாகத் திறக்கிறது, ஆனால் நாற்காலி நுழையாது. அதை முப்பத்தாறு அங்குலமாக அகலப்படுத்த மனு கொடுத்திருந்தார். அந்தக் கதவு மாமனார் வைத்தது, பழையதே இல்லை என்று கவுன்ட்டரில் சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்தது. படத்தில் ஆதிக்கதவு என்று இருக்கிறதே என்றார்கள். மனு தள்ளுபடியானது. அவர் மேல்முறையீடு செய்ய, நேரில் பார்த்து அறிக்கை தரும்படி கோப்பு அங்குலத்திடமே வந்தது.

தான் வரைந்ததைத் தானே பார்க்கப் போகிறவருக்கு என்ன பதற்றம்? விசிலடித்துக்கொண்டுதான் போனார். ஒரே நடுச்சுவரைப் பங்கிட்டுக்கொண்ட இரட்டை வீடு அது. இடப்பக்கத்தில் வேறொரு குடும்பம், வலப்பக்கத்தில் இவர்கள். பக்கவாசலில் டேப்பை வைத்தார். இருபத்தேழு. படத்தில் இருபத்தெட்டரை. மறுபடி வைத்தார். டேப்பைத் தலைமாற்றிப் பிடித்தும் வைத்தார். இருபத்தேழு.

பூச்சு பெயர்ந்த ஓரத்தை டேப்பின் நுனியால் சுரண்டிப் பார்த்தார். வீடு முழுக்க மெல்லிய செங்கல், சுண்ணாம்புச் சாந்து. இந்த வாசலைச் சுற்றி மட்டும் தடித்த செங்கலும் சிமெண்ட்டும். பிற்பாடு திறந்த வாசல்.

அறைக்குள்ளிருந்து ஓட்டுநர் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வார்த்தைகள் ஒவ்வொன்றாகத்தான் வரும்.

"இங்க... ஜன்னல் இருந்துச்சு. அப்பாதான்... இடிச்சாரு."

"நான் அளக்க வந்தப்பவே கதவு இருந்துச்சா?"

"இருந்துச்சே. நீங்க எங்க... உள்ள வந்தீங்க? நாயைப் பாத்துட்டு... கேட்டோட போயிட்டீங்க."

தையல்கார அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அங்குலத்துக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு நாய். மறுநாள் வரலாம் என்று நினைத்தார், மறுநாள் வேறு தெருவுக்கு அனுப்பிவிட்டார்கள். இரட்டை வீடுதானே என்று, இடப்பக்கத்தை வரைந்த டிரேசிங் தாளைக் கவிழ்த்துப் போட்டு, பின்னால் தெரிந்த கோடுகளின்மேல் வலப்பக்கத்தை இழுத்துவிட்டார். இடப்பக்கத்தில் அந்த இடத்தில் ஆதிக்கதவு இருந்தது. அதனால் வலப்பக்கத்துக்கும் ஒன்று கிடைத்துவிட்டது.

பிரிவு அதிகாரி வயதில் இளையவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவார். அங்குலம் ஓய்வுபெற எட்டு மாதம்தான் இருக்கும்போது எதற்கு வம்பு என்று அவருக்குத் தோன்றியது.

"கதவோட நிலைச்சட்டம் பிற்காலத்துல மாத்தப்பட்டிருக்குன்னு ஒரு வரி எழுதுங்கண்ணே. உங்க படத்துக்கும் சேதாரமில்ல."

"நிலைச்சட்டம் மாறியிருந்தா அதை மட்டும்தான் மாத்த விடுவாங்க. சுவரை இடிக்க விடமாட்டாங்களே."

"அப்ப நாய்க்குப் பயந்ததையா எழுதப் போறீங்க?"

"நாயை விட்டுடறேன்."

வலப்பக்க வீடு அளக்கப்படவில்லை, இடப்பக்கப் படத்தைத் திருப்பி வரைந்தது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இதை வீரம் என்று சொல்ல முடியாது. பத்தொன்பது வருடம் கழித்து வந்து சேர்ந்த உண்மை அது; அதற்குள் ஒரு மனிதர் ஆறு மாதம் உள்ளேயே கிடந்துவிட்டார். ஆனாலும் ஊர் தன்னைப் பற்றிச் சொல்லும் ஒரே நல்ல வார்த்தையைத் தன் கையாலேயே அடிப்பது லேசான வேலையில்லை. இரண்டு வரி எழுத அவருக்கு ஒரு மதியம் முழுக்கப் பிடித்தது.

அனுமதி மூன்றாவது வாரம் வந்தது. கூடவே, பட்டியலில் மீதியிருந்த பதினொரு இரட்டை வீடுகளையும் அவரே மறுபடி அளக்க வேண்டும் என்று உத்தரவும் வந்தது. டீக்கடையில் கிளாஸை நீட்டும்போதே, "இது அளந்ததா, திருப்பினதா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். விஷயம் தானாகவே மனைவியின் காதுக்குப் போனது.

"இப்பத்தான் எனக்கு நிம்மதி," என்றாள் அவள். "ஒரு தப்பும் பண்ணாத மனுஷனோட குடும்பம் நடத்தறோமேன்னு பயந்துகிட்டு இருந்தேன்."

பதினொரு வீடுகளிலும் டேப்பின் மறுமுனையை அவள்தான் பிடித்தாள். எதிலும் தப்பில்லை என்றான பிறகு கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது அவளுக்கு.

கொத்தனார் வேலை முடிந்ததும் அங்குலம் சரிபார்க்கப் போனார். முப்பத்தாறு. ஓட்டுநர் யாரையும் தள்ளவிடவில்லை. நல்ல கையால் சக்கரத்தை உருட்டி, நல்ல காலால் தரையை உந்தி, இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்து, பேருந்தை டெப்போவிலிருந்து எடுப்பதுபோல் நிதானமாக வெளியே வந்தார். தோட்டத்தைக் கடந்து கேட்டருகில் போய், தெருவைப் பார்க்க நின்றார். சாப்பிட வரச்சொல்லித் தையல்கார அம்மா கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார். ஓட்டுநர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தையல்கார அம்மா அங்குலத்திடம் திரும்பினார்.

"பாத்தீங்களா சார், வாசலைத் தொறந்து விட்டீங்க. இனி இவரை உள்ள கூப்பிட யார்கிட்ட மனு குடுக்கறது?"