பலகை மேல் இருந்த கல்

எழுபதுகளில் மூணாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் குமாஸ்தாவாக இருந்தேன். இரண்டே ரோஜாச் செடி வைத்திருந்த எனக்குத் தோட்டக் கொட்டகை ஒன்று அவசியம் என்று தோன்றியது. இங்கிலீஷ் தோட்டப் புத்தகம் படிப்பதில் உள்ள கெடுதல் அது.

கப்பலில் வந்த புது இயந்திரத்தின் பெட்டிப் பலகைகளை யாரோ கழற்றி ஃபாக்டரிக்குப் பின்னால் அடுக்கி, மேலே ஒரு கல் வைத்திருந்தார்கள். எங்கள் எஸ்டேட்டில் விறகின் மேல் கல் இருந்தால் அது வைத்தவருடையது. வேறு யாரும் தொடமாட்டார்கள். அந்த வழக்கம் விறகுக்குத்தான், கப்பலில் வந்த பலகைக்கு இல்லை என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, கல்லையும் சேர்த்தே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

கொட்டகை பாதி எழும்பியபோது கொழுந்து பறிக்கும் பேச்சியம்மாள் வந்தாள்.

“ஐயா, மழையில எங்க அடுப்படிச் சுவரு விழுந்துட்டு. மறைக்கலாம்னு அந்தப் பலகை மேல கல்லு வச்சிருந்தேன்.”

“கல்லா? நான் பார்க்கலையே.”

சுத்தியல் இல்லாததால் அந்தக் கல்லால்தான் ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தாள்.

“அந்தப் பலகையில பிடுங்கி நிமித்தி வச்ச ஆணி, ஐயா. எனக்கு இனிமே எதுக்கு? நீங்களே வச்சுக்கிடுங்க.”

அன்று மாலையே பலகைகளைக் கொண்டுபோய் அவள் அடுப்படியில் அடித்துக் கொடுத்தேன். ‘பார்க்கலையே’ என்று சொன்னதை மட்டும் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பதென்று இன்னும் தெரியவில்லை.