தாள் மூலையில் ஒரு கடிகாரம்

டக்... டக்... நேற்று ராத்திரி ஒன்பதரைக்கு வாசல் பக்கம் சத்தம். வீட்டுக்காரருக்கு ஜோலார்பேட்டையில் நைட் டூட்டி. தூங்குகிற குழந்தையும் நானும்தான். போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை. லேப்டாப்பில் மீட்டிங்குக்கு வேறு நேரமாகிவிட்டது.

வயதானவர்களின் மறதியை ஆராய்வது என் தொழில். கைக்குழந்தையோடு வேலைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், ஆராய வேண்டியது யாரை என்று சில நாள் நமக்கே சந்தேகம் வரும். நம்மைப் போன்ற நாடுகளின் புது ஆராய்ச்சியாளர்களுக்குக் கைகொடுக்கும் வெளிநாட்டுத் திட்டம் ஒன்றில் எனக்கு ஒரு வருடம் இடம் கிடைத்திருந்தது. இரண்டாம் வருடம் உண்டா இல்லையா என்பது நேற்றைய மீட்டிங்கில்.

பொத்தான் அளவு

கடிகாரம் வரையச் சொல்வது எங்கள் சோதனைகளில் ஒன்று. ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவிலிருந்து ரிட்டயர் ஆனவர் கரீம் பாய். அவ்வளவு பெரிய தாளில், ஓர மூலையில், சட்டைப் பொத்தான் அளவுக்கு வரைந்தார். எண்கள் சரி, முள்ளும் சரி. ஆனால் மூலையில் ஒடுங்கினால் மார்க்கைக் குறை என்கிறது கைப்புத்தகம். கான்வென்ட்டில் படித்தவள், புத்தகம் சொன்னால் குறைத்துவிடுவேன். தாளை நீட்டும்போது அவர் சொன்னதைக்கூடக் குழப்பம் என்றே குறித்துக்கொண்டேன்: "மீதிய பத்திரமா வை மா."

என் தியரி

தோல் வெட்டினவர்கள் பலரும் இப்படித்தான் மூலையில் வரைந்தார்கள்; என் கணக்குப்படி அவர்களுக்கெல்லாம் மறதி ஆரம்பம். தோல் வாடைதான் காரணம் என்று ஒரு தியரியும் கட்டி, திட்டத்தில் எனக்கு வழிகாட்டியான வெளிநாட்டுப் பேராசிரியைக்கு மூச்சு விடாமல் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "ஏன் அப்படி வரைந்தீர்கள் என்று கரீம் பாயிடம் கேட்டீர்களா?"

மொபெட் சாவி

மறுநாளே பாய் வீட்டுக்குப் போனேன். மார்க் கம்மி என்று நான் அவர் மகனிடம் வாயைவிட்டதில், அவன் மொபெட் சாவியைப் பிடுங்கி வைத்துவிட்டானாம். கடைத்தெருவுக்குக்கூடப் போக முடியாமல் பாய் பேஜாராகி உட்கார்ந்திருந்தார். குற்ற உணர்ச்சியோடு மெல்லக் கேட்டேன். மறதி எனக்குத்தான் என்று முடிவு கட்டினவர் மாதிரி பார்த்தார். "இன்னா மா, நடுவுல வெட்னா தோலு வேஸ்ட் ஆவாதா? ஓரத்துல போட்டா இன்னும் எத்தினி கடிகாரம் வரும்?"

அன்றைக்கே மகனிடம் மன்னிப்புக் கேட்டு, சாவியை வாங்கி அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

மறுபடியும் டக் டக்

நேற்று மீட்டிங்கில் இதைத்தான் சொன்னேன். அவரவர் கை எந்த வேலையில் பழகியது என்று கேட்காமல் மார்க் போடக் கூடாது, அதற்குத் தகுந்தபடி சோதனையை மாற்றி அமைக்க எனக்கு இன்னொரு வருடம் வேண்டும் என்றேன். பேசி முடித்த அமைதியில் அந்த டக் டக் பேராசிரியைக்கும் கேட்டுவிட்டது. என்ன சத்தம் என்றார். தெரியாது, போய்ப் பார்க்கப் பயம் என்று உண்மையைச் சொன்னேன். "போய்ப் பாருங்கள், நான் லைனிலேயே இருக்கிறேன். அடுத்த வருடமும் இருப்பேன்."

போனால், நானே சாத்த மறந்த கதவு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. ஊரார் மறதியை ஆராய இன்னொரு வருடம் கிடைத்தவள், முதல் காரியமாக உள்பக்கம் தாழ்ப்பாளைப் போட்டேன்.