ஏழுமலை அண்ணன் திருப்பிப் பிடித்த கிடார்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் தேநீரை வாயருகே கொண்டுபோகும்போதுதான் ஏழுமலை அண்ணனின் மனைவி அஞ்சலை அண்ணியின் அழைப்பு வந்தது. "மாஸ்டர், உங்க அண்ணன் போயிட்டாருங்க" என்றார். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று தண்ணீர் கேட்டாராம். கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டதாம். அண்ணிக்கு அழுவதற்கு நேரமில்லை. "பங்காளிங்க அந்தக் கிடாரையும் கூடவே வெச்சி எரிச்சிடலாம்னு பேசிக்கினு இருக்காங்க. சீக்கிரமா வாங்க" என்றார்.

தேநீரை அப்படியே வைத்துவிட்டுக் கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் ஏறினேன்.

எங்கள் மெல்லிசைக் குழுவில் நான் கீபோர்டு, ஏழுமலை அண்ணன் பேஸ் கிடார். பகலில் கூலி வேலை, திருவிழாக் காலத்தில் மேடை என்று வாழ்ந்தவர். பேஸ் கிடார்க்காரரை மேடையில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். பாடகருக்குக் கைதட்டல், டிரம்ஸ்காரருக்கு விசில். "இந்த ஆளு எதுக்கு? சத்தமே வரலியே" என்று ஒரு விழாக்காரர் அவர் காதுபடவே கேட்டார். அண்ணன் பாட்டின் நடுவில் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டார். பாட்டு சப்பென்று ஆகிவிட்டது. விழாக்காரர் திடுக்கிட்டுத் திரும்ப, "இதுக்குத்தாங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி வாசிக்கத் தொடங்கினார். அந்தத் திமிர் எனக்குப் பிடித்துப்போனது.

அந்தக் கிடார் விழுப்புரத்தில் யாரோ கழித்துக்கட்டியது. வாங்கும்போதே வண்ணம் உரிந்து, கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள் கம்பி பட்டுப் பட்டுப் பள்ளம் விழுந்திருந்தன. அண்ணன் அரம் வைத்து அவற்றைச் சமன் செய்தார். சில ஆண்டுகளில் வால்யூம் திருகைத் தொட்டாலே ஒலிபெருக்கி கரகரவென்று கத்த ஆரம்பித்தது. பிரித்துப் பார்த்தோம். உள்ளே குங்குமமும் காய்ந்த சந்தனமும் அடைத்துக்கொண்டிருந்தன. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் நாங்கள்தான் பக்தியோடு எல்லாத் திருகுக்கும் பொட்டு வைத்திருந்தோம். "சாமியே உள்ள பூந்துட்டாரு மாஸ்டர், கரகரன்னு இன்னாவோ சொல்றாரு" என்று சிரித்தார். அன்றிலிருந்து பொட்டு கிடாரின் தலையில் மட்டும்தான்.

பிறகு அந்த விபத்து. மணலூர்பேட்டைப் பக்கம் ஒரு வெல்ல ஆலையில் கரும்பு கொடுத்துக்கொண்டிருந்தவரின் இடது கையை உருளைகள் இழுத்துக்கொண்டன. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மிஞ்சின. கம்பியை அழுத்தும் கை அது. உயிர் தப்பியதே பெரிது என்றார்கள் உறவினர்கள். எங்கள் மேனேஜரோ, "மாஸ்டர் இடது கை சும்மாதானே இருக்குது? பேஸையும் கீபோர்டுலயே வாசிச்சிடட்டும்" என்றார். அப்படியே நடந்தது. கட்டுப் போட்ட கையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார் அண்ணன்.

"மாஸ்டர், உங்க நொட்டாங்கைய என் வேலைக்கு அனுப்பாதீங்க. என் நொட்டாங்கையே வருது."

கிடாரைத் திருப்பிப் பிடித்தார். இனி வலது கை அழுத்தும். இடது கையில் மிஞ்சிய இரண்டு விரலும் மீட்டும். கம்பிகளைக் கழற்றி வரிசை மாற்றி மாட்டினோம். அவசரத்தில் ஒன்றை மறந்துவிட்டோம். கல்வராயன் மலையில் ஒரு கோயில் திருவிழாவில், கழுத்து உச்சியில் மெல்லிய கம்பிக்கென்று அறுத்த பள்ளத்தில் உட்காராமல் தடித்த கம்பி துள்ளி வெளியே குதித்தது. கூட்டம் சிரித்தது. அண்ணன் மீதிக் கம்பிகளை வைத்தே பாட்டை முடித்தார். இறங்கும்போது, "தப்பு கையில இல்ல மாஸ்டர், மரத்துல இருக்குது. மரத்த சரி பண்ணிக்கலாம்" என்றார்.

சரிதான் பண்ணினார். ஆட்டு எலும்பை வேகவைத்துக் காயவைத்து ராவி, தலைகீழ் வரிசையில் புதுப் பள்ளம் அறுத்துக் கழுத்து உச்சியில் பொருத்தினார். "கொழம்புக்கு வாங்கின எலும்புங்க அது" என்று அண்ணி இன்றைக்கும் சொல்வார். முழங்கை பட்டு வால்யூம் மாறிக்கொண்டே இருந்ததால் திருகுகளைக் கீழ்ப்பக்கம் மாற்றிப் பழைய ஓட்டைகளை மரச் செருகால் அடைத்தார். நான் ஒயர்களைப் பற்றவைத்துக் கொடுத்தேன். மேல் சுரங்களுக்கு விரல் போகவிடாமல் கிடாரின் உடம்பிலிருந்து நீண்ட கொம்பு மறித்தது. ரம்பத்தை எடுத்து அதையும் அறுத்துவிட்டார். "அழகே போச்சேண்ணா" என்றேன்.

"அழகப் பாத்துக்கினு இருந்தா நான் எப்ப வாசிக்கிறது?"

கொம்பு போனதும் கழுத்து பாரம் தாங்காமல் தரையைப் பார்த்துச் சாய்ந்தது. பழைய தராசின் இரும்புப் படிக்கல் ஒன்றைக் கொண்டுவந்து அடிப்பக்கம் திருகி முடுக்கினார். கிடார் நிமிர்ந்து நின்றது. அதைப் பார்த்துச் சிரிக்காத வாத்தியக்காரர் இந்த மாவட்டத்தில் இல்லை. வாசிப்பைக் கேட்ட பிறகும் சிரித்தவரை நான் பார்த்ததில்லை.

மூங்கில்துறைப்பட்டில் ஒரு கல்யாண வரவேற்பு. நல்ல காரியத்தில் நொட்டாங்கையால் வாசிப்பதா என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் மேடைக்கே வந்துவிட்டார். அண்ணன் எழுந்து வணக்கம் வைத்தார். "ஐயா, தவிலுக்காரரு ரெண்டு கையாலயும்தான தட்றாரு? அவரோட நொட்டாங்கையக் கட்டிப்போட்டுட்டு வாங்க, நானும் எறங்கிடறேன்" என்றார். பெரியவர் மேடையை விட்டிறங்கி, கடைசிப் பாட்டுவரை முன்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார்.

இதையெல்லாம் நினைத்தபடியே பஸ்ஸை விட்டிறங்கி ஓடினேன். அண்ணனை வாசலில் கிடத்தியிருந்தார்கள். கால்மாட்டில் கிடார், மாலையோடு. அவருடைய பெரியண்ணன் கெட்டவர் இல்லை, அழுதுகொண்டேதான் சொன்னார்: "தம்பி ஆசையா வெச்சிக்கினு இருந்தான். எல்லாத்தையும் திருப்பித் திருப்பி மாத்தி வெச்சிருக்கான். இனிமே யாரு வாசிக்கப் போறாங்க? கூடவே போவட்டும்."

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி எழுந்து உள்ளே போனார். வரும்போது கையில் குங்குமச் சிமிழ். "இன்னைக்கு நீ அதத் தொடலாமா?" என்று ஒரு கிழவி பதறினார். அண்ணி காதில் வாங்கவில்லை. மாலையைக் கழற்றிவிட்டுக் கிடாரின் தலையில் பொட்டு வைத்தார். தலையில் மட்டும்.

"வெரலு போனப்பவே அவரு இத வுடலிங்க. நானா வுடுவேன்? இது மேடைக்குப் போற பொருளு."

தூக்கி என் கையில் கொடுத்தார். படிக்கல் முழங்காலில் இடித்தது. அங்கேயே நின்று வாய்விட்டு அழுதேன்.

தகனம் முடிந்து திரும்பும்போதே மேனேஜர் பக்கத்தில் வந்தார். அடுத்த கச்சேரிக்கு என் இடது கை சும்மா இருப்பதை நினைவூட்டினார். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அண்ணா, நிம்மதியாகப் போய் வாருங்கள். உங்கள் கிடார் மேடையில் நீங்கள் நிற்கும் இடத்திலேயே, கம்பியைத் தளர்த்தாமல், தலையில் பொட்டோடு நிற்கும். அதை எடுத்து வாசிக்க ஒரு நொட்டாங்கை வரும்வரை என் இடது கை மடியில்தான் இருக்கும். பாட்டு சப்பென்றுதான் போகும். ஏன் இப்படி இருக்கிறது என்று கூட்டத்தில் யாராவது கேட்கட்டும். அந்தக் கிடாரைக் காட்டி, "இதுக்குத்தாங்க" என்பேன்.