ஏழு வருஷக் குறியும் நான் கட்டின மிச்சமும்

எனக்கு வயசு எழுபத்தொண்ணு. பெத்தது மூணு, தங்கச்சி பிள்ளைகளையும் சேத்து வளத்தது அஞ்சு. சேலையூர்ல மாவு அரைச்சு வித்தே அஞ்சு பேரையும் ஆளாக்கினேன். யார்கிட்டயும் கை நீட்டினதில்ல. பெருமையாத்தான் சொல்றேன். நாலாவது வரைக்கும் படிச்ச கை, எழுத்து கோணலா இருக்கும். சபையில வாசிக்க எழுதுற சாட்சி இது, சபையார் பொறுத்துக்கணும்.

போன வருஷம் ஜூன் மாசம். என் பெரிய மகன் தாவீதோட பொண்ணு கிருபாவுக்கு நர்சிங் காலேஜ்ல சீட் கிடைச்சுது. படிப்புக் கடன் கேட்டு அவன் பேங்குக்குப் போனான். மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்துட்டு, "உங்க கிரெடிட் ரிப்போர்ட்ல ஒரு குறி இருக்கு சார். பழைய கடன் ஒண்ணை முழுசா கட்டாம, குறைச்சுப் பேசி முடிச்சிருக்கீங்க. அது ஏழு வருஷம் நிக்கும். இப்போ நாலுதான் ஆகுது" என்றாராம்.

அந்தக் கடன் என்னோடது. பெரிய கிரைண்டர் வாங்க, சம்பளக்காரன் பேர் வேணும்னு சொன்னாங்கன்னு தாவீது பேர்ல ஃபைனான்ஸ் எடுத்தேன். போன் நம்பர் மட்டும் என்னுது குடுத்தேன். நடுவுல கால் எலும்பு முறிஞ்சு படுத்துட்டேன். நாலு தவணை நின்னுபோச்சு. மகன்கிட்ட சொல்ல ரோஷம். வசூலுக்கு வந்த தம்பி, "பதினெட்டாயிரம் பாக்கி ஆயா. மொத்தமா பதினாலு குடு, முடிச்சுக்கலாம்" என்றான். விடுவேனா? கத்திரிக்காய்க்கே கால் மணி நேரம் பேரம் பேசுறவ. பதினொண்ணுக்கு இறக்கிட்டேன். "உன் கூட முடியாது ஆயா" என்று கும்பிடு போட்டுட்டுப் போனான். தெரு பூரா சொல்லிச் சிரிச்சேன். அப்புறம் வந்த இங்கிலீஷ் லெட்டரை யார்கிட்டயும் காட்டாம பெட்டியில போட்டேன்.

தாவீது என்னைத் திட்டல. "விடும்மா, மூணு வருஷம் போகட்டும்" என்றான். திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். காலேஜ் சீட் மூணு வருஷம் காத்திருக்குமா? கிருபா அழுதுகிட்டே துணி துவைச்சா. எனக்குச் சோறு இறங்கல.

மூணு நாள் உபவாசம் இருந்தேன். ஆண்டவரே, அந்தக் குறியை அழிச்சுப்போடும். இதே ஜெபம். மூணாம் நாள் காலையில மாவு அள்ளிகிட்டு இருக்கும்போது மனசுல ஒண்ணு வந்துச்சு. நீ குறைச்ச அந்த ஏழாயிரம் யாரோடது? குரலெல்லாம் கேக்கல. கேள்விதான். ஆனா நகரவே இல்ல.

மாசாமாசம் சீட்டு கட்டிச் சேர்த்த பணத்தை எடுத்துகிட்டு, தாவீதையும் இழுத்துகிட்டு, தாம்பரம் ஃபைனான்ஸ் ஆபீசுக்குப் போனேன். அங்க இருந்த பொண்ணு சிரிச்சிடுச்சு. "இங்க எல்லாரும் குறைக்கத்தான் வருவாங்க பாட்டி. குறைச்சதைக் கட்ட வந்த ஆள் நீங்கதான்."

"சிரிச்சது போதும், ரசீதைப் போடு" என்றேன்.

மேல வட்டி கேப்பாங்கன்னு பயந்தேன். கேக்கல. பாக்கி இல்லைன்னு லெட்டர் குடுத்தாங்க. ரிப்போர்ட்ல மாற ஒரு மாசம் ஆகலாம்னாங்க. காலேஜ்ல பணம் கட்ட இருபது நாள்தான் இருந்துச்சு. மறுபடி முட்டி போட்டேன்.

பதினோராம் நாள் மாறிடுச்சு. மேனேஜர் பார்த்துட்டு, "தவணை தப்பின நாலு மாசம் இன்னும் தெரியுது. அது காலம் முடிஞ்சாத்தான் போகும். ஆனா இப்போ முழுசா கட்டி முடிச்சதா இருக்கு. அனுப்பிப் பார்க்கிறேன்" என்றாராம். கடைசித் தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடி பணம் காலேஜுக்குப் போய்ச் சேர்ந்துச்சு. ஸ்தோத்திரம்.

நான் அழிச்சுப்போடச் சொன்னேன். ஆண்டவர் கட்டச் சொன்னார். அதுதான் எனக்குக் கிடைச்ச பதில். இப்போ எந்த லெட்டர் வந்தாலும் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் உள்ள வைக்கிறேன். பேரம் கத்திரிக்காயோட சரி. உங்களுக்கும் இப்படி ஒரு குறி இருந்தா மறைக்காதீங்க. அவர்கிட்ட கேளுங்க. அவர் என்ன செய்யச் சொன்னாலும் செய்யுங்க. வழி விடுவார்.

ஒண்ணு பாக்கி இருக்கு. தாவீதுகிட்ட நான் இன்னும் மன்னிப்புக் கேக்கல. பெத்த பிள்ளைகிட்ட கேட்டுப் பழக்கமில்ல, வாய் வரல. அவன் இப்போதான் கம்பெனி வேன்ல வந்து இறங்கி, உள்ள காப்பி குடிச்சுகிட்டு இருக்கான்.

கிருபா, இங்க வா. நான் எழுதினதை முதல்ல இருந்து படி. சத்தமா படி, உங்கப்பன் காதுல விழட்டும்.